இறங்கும் இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நமது காரியாலயத்து உதவி ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் நடந்த சுப காரியத்தை முன்னிட்டு நாம் எண்ணூருக்குச் செல்ல நேர்ந்தது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்ரயிலில் திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்னும் ஸ்டேஷன்களைத் தாண்டினால் எண்ணூர். ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் படகு விடவும் காற்று வாங்கவும் நாடி வந்த இடம் இது. இன்று அங்கே காற்று வாங்கப் போவார் எவருமில்லை. 1970-ல் ஓடத் தொடங்கிய அனல் மின்நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் அண்டையில் வேறு நிலையங்களும், ஆலைகளும், துறைமுகமும் எழுந்திருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் மீனுக்குப் போகிறவர்கள் சாம்பலையும் எண்ணெயையும் பற்றிச் சொல்லும் சங்கதிகளை இப்பத்தியில் பலமுறை எழுதியிருக்கிறோம், மீண்டும் எழுதுவோம். இன்று நாம் எழுதப் புகுந்தது வேறு விஷயம்.

விருந்து முடிந்து திரும்புகையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பொட்டலில் சிறுவர்கள் சிலர் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வண்டிக்கு அரைமணி இருந்ததால் ஒரு சுவரோரமாக நின்று பார்த்தோம். பக்கத்துக்கு ஆறு ஓவர். மட்டைக்குச் சொந்தக்காரன் எவனோ அவனே முதலில் இறங்குவான் என்பது தெருவாட்டத்தின் எழுதாச் சட்டம்; அவ்வாறே இறங்கினான். முள்வேலிப் பக்கம் பந்து பொறுக்க ஒரு பையனை நிறுத்தியிருந்தார்கள். வயது பத்துக்கு மேலிராது. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் என்பது பார்த்தவுடனே விளங்கிற்று. அவனை நோக்கி வந்த பந்து ஒன்றாவது அவனைத் தாண்டிப் போகவில்லை என்பதையும் கண்டோம். ‘எனக்குக் காஜி எப்போது?’ என்று அவன் இரண்டு முறை கேட்டான். ‘கடைசியில்’ என்று பதில் வந்தது. கடைசியில் அவன் முறை வந்தபோது மீதியிருந்தவை இரண்டே பந்துகள். வேகமாக அடித்தாக வேண்டும், அடித்தான், பந்து மேலே எழும்பிப் பிடிபட்டது. ‘பார்த்தாயா, இவனுக்கு ஆடத் தெரியாது’ என்றான் மட்டைக்குச் சொந்தக்காரன். அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீலுக்கு இடமில்லை. வண்டி வந்துவிட்டது.

மட்டையின் முகத்தில் எம்.ஆர்.எப். என்று மூன்று எழுத்துக்களை மையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்துக்கள் மூன்றும் பிறந்த ஊர் அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில், குழந்தைகள் ஊதும் பலூன்கள் செய்வதற்கென்று கே. எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய தொழிலே பின்னர் மெட்ராஸ் ரப்பர் பாக்டரியாகி டயர் செய்யப் புறப்பட்டது. எண்ணூர்ச் சிறுவன் அந்த எழுத்துக்களை மட்டையில் எழுதிக்கொள்வதற்குக் காரணம் டயருமன்று, பலூனுமன்று. சச்சின் டெண்டுல்கர் கையிலிருந்த மட்டையில் அவ்வெழுத்துக்கள் நெடுங்காலம் விளங்கின என்பதே காரணம். ரயிலில் உட்கார்ந்த பிறகு நமது சிந்தனை அந்த டெண்டுல்கர்பேரிலேயே சென்றது. இன்று அவர் பெயரைக் கேட்டதும் நூறு சதங்களும் மலைபோல் குவிந்த ரன்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய முதல் ஐந்து வருஷத்துக் கதை, முள்வேலியோரத்துப் பையனின் கதைக்கு நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவுடையது.

அரசியல் பேசும் பக்கத்தில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று நமது தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆங்கிலேயன் விட்டுப் போன ஆட்டம் என்று கைகழுவுவோரும் உளர். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: இந்த ஆட்டத்தில் ‘இடம்’ என்பது ஆதி முதலே நமது தேசத்தில் அரசியல் விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில்தான், புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று நமக்கென ஒரு கிளப்பை ஏற்படுத்தினார். பம்பாயிலே பல்வங்கர் பாலு என்பவர் 1911-ல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்துத் திரும்பியும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட ஜாதியிற் பிறந்தார் என்ற ஒரே காரணத்தால் ஹிந்து கோஷ்டியின் தலைமை அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் அது கிடைத்தது. மதவாரியாகக் கோஷ்டி பிரித்து ஆடுவது தகாதென்று 1940-ல் காந்தியடிகளே கருத்துத் தெரிவிக்க நேர்ந்தது. விளையாட்டு வெறும் விளையாட்டாக நம்மிடம் என்றுமே இருந்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

டெண்டுல்கர் 1987-ல், பதினான்கு வயதில், நமது பட்டணத்துக்கு வந்தார். எம்.ஆர்.எப். ஸ்தாபனத்தார் அவ்வருஷம் டென்னிஸ் லில்லியைக் கொண்டு சேத்துப்பட்டில் வேகப்பந்து வீச்சுக்கென ஒரு பயிற்சிசாலை தொடங்கினார்கள். அதில் சேர்ந்து வேகப்பந்து வீச்சாளராவதே பையனின் ஆசை. லில்லி அவரைப் பார்த்துவிட்டு, பந்து வீச்சை விட்டு மட்டையில் கவனம் செலுத்தும்படி புத்தி சொல்லி அனுப்பினார். ஆக, ‘உன் இடம் இதுவல்ல’ என்ற வார்த்தையை அவர் முதன்முதல் பெரிய மனிதரிடம் கேட்டது சென்னையில். அந்த வார்த்தை நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மறுத்தவர் மறுத்ததோடு நில்லாமல், எங்கே போக வேண்டும் என்பதையும் கூடவே காட்டினார். மறுக்கும் அதிகாரம் படைத்தவர்களில் இவ்வளவு செய்கிறவர்கள் அபூர்வம்.

இரண்டு வருஷம் சென்று, 1989-ல், அவர் இந்தியக் கோஷ்டியுடன் பாகிஸ்தான் சென்றார். கோஷ்டியின் தலைவர் நமது கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். டிசம்பர் 16-ம் தேதி பெஷாவரில் நடக்கவேண்டிய ஒருநாள் ஆட்டம் முறைப்படி நடக்கவியலாமற் போக, கூடியிருந்த ஜனங்களை ஏமாற்ற மனமின்றி இருபது ஓவர் கொண்ட ஒரு வேடிக்கை ஆட்டம் ஆடப்பட்டது. அதில் இந்தப் பதினாறு வயதுப் பிள்ளை, உலகப் பிரசித்தி பெற்ற அப்துல் காதிரின் ஒரே ஓவரில் நான்கு சிக்ஸர்களை அடித்து, பதினெட்டுப் பந்துகளில் 53 ரன் எடுத்துத் தோற்காமல் நின்றது. இரண்டு நாள் கழித்து, 18-ம் தேதி, குஜ்ரன்வாலாவில் நடந்ததே கணக்கில் ஏறிய முதல் ஒருநாள் ஆட்டம். வெளிச்சக் குறைவால் அதுவும் பக்கத்துக்குப் பதினாறு ஓவராகச் சுருங்கிற்று. டெண்டுல்கர் ஐந்தாவதாக இறங்கினார். இரண்டாவது பந்தில் வக்கார் யூனிஸிடம் விக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ரன் பூஜ்யம். அடுத்த ஒருநாள் ஆட்டம் 1990 மார்ச்சில் நியூஜிலாந்தின் டனீடினில், அங்கேயும் பூஜ்யம்.

நாம் வக்கீல் தொழில் பார்த்தவர்களாகையால் எழுத்து மூலமான சாட்சியத்துக்கு மதிப்புக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஸ்கோர் புஸ்தகம் பொய் சொல்லாது; பூஜ்யம் பூஜ்யந்தான். ஆனால் கோர்ட்டில் ரிகார்டு ஆனது மட்டுமே நடந்ததாகாது என்பதும் நமது தொழில் கற்பித்த பாடம். பெஷாவரின் ஐம்பத்து மூன்று எந்தப் புஸ்தகத்திலும் சேரவில்லை. குஜ்ரன்வாலாவின் பூஜ்யமோ நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது. பையன் ஒருவன், இடைப்பட்டவை இரண்டு நாட்கள். புஸ்தகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி எதிரில் இருந்தால் இந்த வழக்கின் கதி என்னவாகியிருக்கும்? நல்லவேளையாகத் தேர்வாளர்கள் எண்ணூர்ப் பொட்டலின் மட்டைச் சொந்தக்காரனைவிடப் பொறுமையுடையவர்களாயிருந்தார்கள். அவரைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அவருக்கு எந்த இடம் என்பதைத் தீர்மானிக்க நான்கு வருஷங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ஆட்டத்தின் சூட்சுமம் தெரியாத வாசகர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஐந்து நாள் டெஸ்டில் ஒரு ஆட்டக்காரன் நான்காவதாக இறங்கினாலும் ஆறாவதாக இறங்கினாலும் காலம் அவனுக்குக் கிடைக்கிறது. நின்று ஆடத் தெரிந்தவன் நாள் முழுதும் நிற்கலாம். ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பவை ஐம்பது ஓவர், அதாவது முந்நூறு பந்துகள். முதலில் இறங்குகிறவன் முந்நூறையும் தன் எதிரே விரித்து வைத்துக்கொண்டு தொடங்குகிறான். ஐந்தாவதாக இறங்குகிறவனுக்கு முன்னோர் செலவழித்தது போக மீதிதான் சொத்து. முன்னோர் நன்றாக ஆடினால் அவனுக்குப் பந்து இல்லை. மோசமாக ஆடினால் சரிந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். போதாக்குறைக்கு 1992, 1996-ம் வருஷத்து உலகக் கோப்பை ஆட்டங்களில் முதல் பதினைந்து ஓவருக்கு வெளிவட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் நிறுத்தக்கூடாதென்ற விதி இருந்தது. தலைக்கு மேல் தூக்கி அடிக்கத் துணிந்தவனுக்கு அந்தப் பதினைந்து ஓவரும் திறந்த வாசல். நமது டெண்டுல்கர் பெரும்பாலும் அந்த வாசல் சாத்தப்பட்ட பிறகே வந்துகொண்டிருந்தார்.

விளைவைப் பாருங்கள். 1994 மார்ச்சுக்குள் டெஸ்டில் அவர் ஏழு சதங்கள் அடித்துவிட்டார். பதினேழு வயதில் மான்செஸ்டரில் தோல்வியைத் தடுத்து அடித்தது ஒன்று. 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஸிட்னியிலும், பெரியவர்களே தடுமாறிய பெர்த்திலும் அடித்தவை இரண்டு. 1993 பிப்ரவரியில் நமது சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை எதிர்த்து அடித்த 165-ஐ நேரில் கண்டவர்கள் இன்னும் அதைப்பற்றிப் பேசுகிறார்கள். இவ்வளவுக்கும் இதே மனிதருக்கு ஒருநாள் ஆட்டத்தில் ஒரு சதம்கூட இல்லை. சராசரி முப்பதை ஒட்டி நின்றது. திறமை டெஸ்டில் ஓர் அளவும் ஒருநாள் ஆட்டத்தில் வேறோர் அளவுமாகப் பிரிந்து கிடக்குமா? கை ஒன்று, கண் ஒன்று, மட்டை ஒன்று. மாறியது இறங்கும் இடம் ஒன்றே.

இக்காலத்தில் அவர் ஒன்றும் சாதிக்கவில்லை என்று சொன்னால் அது அபாண்டமாகும். 1990 டிசம்பரில் பூனாவில் இலங்கைக்கு எதிராக 53 எடுத்ததே அவரது முதல் அரைச்சதம். 1991 நவம்பரில், நிறவெறியின் காரணமாக உலகம் விலக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்கா முதன்முதலாக நமது தேசத்துக்கு வந்து கல்கத்தாவில் ஆடியபோது, ஆலன் டொனால்டின் வேகத்துக்கு மற்றவர்கள் சாய, இவர் 62 எடுத்து வெற்றிக்கு வழி செய்தார். 1992 உலகக் கோப்பையில் ஸிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 54-ம், பிறகு ஜிம்பாப்வேக்கும் நியூஜிலாந்துக்கும் எதிராக எடுத்த 81-ம் 84-ம் உண்டு. 1993 நவம்பரில் கல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் வேண்டியிருந்த கடைசி ஓவரைத் தாமே கேட்டு வாங்கி வீசி, ஆட்டத்தை ஜயித்துக் கொடுத்ததும் இவரே. அரைச்சதங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஆனால் எழுபதும் எண்பதும் நூறாவதற்குப் பந்து போதவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். இவரை முதலில் இறக்காமல் வைத்திருந்தவர்கள் பொறாமையாலோ அலட்சியத்தாலோ அவ்வாறு செய்யவில்லை. கோஷ்டியிலேயே விலையுயர்ந்த ஆட்டக்காரர் இவர். புதுப்பந்தின் கூரான வேகத்துக்கு முன் இவரைத் தள்ளிவிட்டு முதல் ஓவரிலேயே இழந்தால் பின்னால் யாரை நம்புவது? எனவே நடுவில் பத்திரப்படுத்தி வைத்தார்கள். மேலும், அந்த நான்கு வருஷம் வாஸிம் அக்ரமையும் டொனால்டையும் எதிர்த்து நின்று கற்றதெல்லாம் வீணாகவில்லை. பழம் பழுக்கும் முன் பறிக்கலாமா என்றும் கேட்பார்கள். இந்த வாதத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. ஆனால் பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவன் அதைக் காப்பாற்றுகிறானேயன்றி அதை வைத்து வியாபாரம் செய்வதில்லை. பழுக்க வைப்பதற்கென்று மூடி வைத்தவர்கள் எப்போது மூடியைத் திறந்து பார்ப்பது என்பதற்கு ஒரு நாள் குறித்திருக்க வேண்டாமா? அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மூடி திறந்தது வேறொருவரின் கழுத்து வலியால்.

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீகாந்தை யார் பழுக்க வைத்தார்கள்? கிண்டி பொறியியல் கல்லூரியிற் படித்த அந்த வாலிபர் 1981 நவம்பரில், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்பே, இந்தியாவின் முதல் ஆட்டக்காரராக இறக்கப்பட்டார். எதிரில் இருப்பவர் யாரென்று பாராமல் அடிக்கும் அவரது சுபாவத்தைக் கண்டு சாஸ்திரம் தெரிந்தவர்கள் தலையிலடித்துக்கொண்டார்கள். ஆயினும் இடத்தை விட்டு எடுக்கவில்லை. 1983 ஜூன் 25-ந் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இரு தரப்பிலும் அதிக ரன் எடுத்தவர் அவரே. அந்த 38 ரன் எப்பேர்ப்பட்ட 38 என்பதை மேற்கிந்தியர்கள் 140-க்குள் சுருண்ட பிறகுதான் உலகம் உணர்ந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்னே, 1975-ல், அதே மைதானத்தில் இங்கிலாந்து 334 எடுத்திருக்க, நமது கவாஸ்கர் அறுபது ஓவரும் நின்று 174 பந்துகளில் 36 எடுத்த கதையை நினைத்தால், ஒருநாள் ஆட்டத்தில் முதலிடம் எவ்விதமான மனிதனுக்கு உரியதென்ற பாடத்தை நாம் கற்க எவ்வளவு காலமாயிற்று என்பது புலனாகும். கற்ற பாடத்தை மறப்பதற்கு அவ்வளவு காலம் ஆகவில்லை.

1994 மார்ச் மாதத்தில் இந்தியக் கோஷ்டி நியூஜிலாந்தில் இருந்தது. 25-ந் தேதி நேப்பியரில் நடந்த முதல் ஆட்டத்தில் தோல்வி. 27-ந் தேதி ஆக்லாந்தில் இரண்டாவது ஆட்டம். வழக்கமாக முதலில் இறங்கும் நவ்ஜோத் சித்துவுக்கு அன்று காலை கழுத்துப் பிடித்துக்கொண்டது. கோஷ்டித் தலைவர் அஸாருதீன். மானேஜர் அஜித் வாடேகர். 1974 ஜூலை 13-ந் தேதி லீட்ஸ் நகரத்தில் இந்தியா ஆடிய முதல் ஒருநாள் ஆட்டத்தில் தலைமை வகித்து 67 ரன் எடுத்தவர் இந்த வாடேகர்தான் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. இவ்விருவரிடமும் டெண்டுல்கர் சென்று தம்மை முதலில் இறக்கும்படி கேட்டார். கேட்டார் என்பதைவிடக் கெஞ்சினார் என்பதே பொருந்தும். அவரே பிற்காலத்தில் பகிரங்கமாக அவ்விதம் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள், தவறிவிட்டால் மறுபடி இதற்காக உங்களிடம் வரமாட்டேன் என்ற கருத்துப்பட வாக்களித்தாராம். ஏழு டெஸ்டு சதம் அடித்தவர், தேசம் முழுவதும் கொண்டாடும் பிள்ளை, ஓர் இடத்துக்காக மன்றாடியதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். திறமை தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்று மேடைகளில் நாம் வாய்கூசாமல் சொல்லுகிறோமே, அது எவ்வளவு தூரம் உண்மை? அன்று சித்துவின் கழுத்து நன்றாயிருந்தால்?

நியூஜிலாந்து 142 ரன்னில் அடங்கிற்று. அஜய் ஜடேஜாவுடன் டெண்டுல்கர் இறங்கினார். டானி மாரிஸனும் மற்றவர்களும் வீசிய பந்துகளுக்கு நேர்ந்த கதியை எண்களே சொல்லும்: 49 பந்து, 82 ரன், பதினைந்து பவுண்டரி, இரண்டு சிக்ஸர். எண்பத்திரண்டில் எழுபத்திரண்டு ரன் ஓடாமல் எடுத்தவை. இருபத்து நான்காவது ஓவரிலேயே ஆட்டம் தீர்ந்துவிட்டது. அது முதல் அந்த இடத்தைப் பற்றிய விசாரணையும் தீர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் வெல்லிங்டனில் 63. ஏப்ரலில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 73. செப்டம்பர் 9-ந் தேதி கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 110. அதுவே ஒருநாள் ஆட்டத்தில் அவரது முதல் சதம். அது அவரது எழுபத்தொன்பதாவது ஆட்டம்.

பிந்திய கதையை உலகறியும், நீட்டவேண்டியதில்லை. 1996 உலகக் கோப்பையில் விளம்பரம் எதுவுமற்ற வெறும் மட்டையோடு 523 ரன் குவித்தார். அதன் பிறகே திருவொற்றியூரின் மூன்று எழுத்துக்கள் அம்மட்டையில் ஏறின. 2010-ல் குவாலியரில் இருநூறு. 2012-ல் ஓய்வு பெறுகையில் 463 ஆட்டங்களில் 18,426 ரன், 49 சதம். சதங்களின் எண்ணிக்கையை 2023-ல் விராட் கோலி தாண்டிவிட்டார். நாம் வாசகர்முன் வைக்க விரும்பும் எண் வேறு. அந்த 49 சதங்களில் 45 முதலில் இறங்கி அடித்தவை. 18,426-ல் 15,310 ரன் அங்கிருந்து வந்தவை. மற்ற எல்லா இடங்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது நாலு சதம், மூவாயிரத்துச் சொச்சம் ரன். ஆக்லாந்தில் அந்தக் கழுத்து பிடித்திராவிட்டால், முப்பது சராசரியுள்ள ஒரு நல்ல நடுவரிசை ஆட்டக்காரர் என்றே இவரை ஒருநாள் ஆட்டத்தின் சரித்திரம் எழுதியிருக்கக் கூடும். அப்படி எழுதப்பட்டிருந்தால் அதை நாமும் நம்பியிருப்போம், புஸ்தகத்தில் இருக்கிறதே!

இதை எழுதும்போது நமக்கே ஒரு சங்கடம் உண்டாகிறது. அதை மறைத்து எழுதுவது வாசகர்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

நாம் எண்ணூருக்குப் போனது எவர் வீட்டுக்கு என்று சொன்னோமோ, அந்த வாலிபர் நமது காரியாலயத்தில் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. நாள்தோறும் காலை வண்டியில் வந்து, துறைமுகத்துக் கப்பல் வரவையும் சந்தை நிலவரத்தையும் ஒழுங்கு செய்து அச்சுக்குக் கொடுத்துவிட்டு, இரவு வண்டியில் திரும்புகிறார். இந்த நான்கு வருஷத்தில் அவர் கையால் ஓர் எண் பிசகியதாக நமக்கு நினைவில்லை. இந்தப் பக்கத்தில் எழுத இடம் வேண்டுமென்று மூன்று முறை நம்மிடம் கேட்டார். மூன்று முறையும், ‘பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் அனுபவம் வரட்டும்’ என்று சொன்னோம். அனுபவம் என்பது இப்பக்கத்தில் எழுதாமல் இப்பக்கத்துக்கு எப்படி வரும் என்பதை அப்போது நாம் யோசிக்கவில்லை. ஒருமுறை, விடுமுறையில் போன ஒருவருக்குப் பதிலாக, அச்சு இயந்திரம் ஓட அரைமணியே இருந்தபோது நாலு வரிக் குறிப்பு ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கினோம். அவசரத்தில் எழுதியது, சுமாராகத்தான் இருந்தது. ‘இவருக்குச் சந்தை நிலவரமே பொருத்தம்’ என்று நாம் நமக்குள் தீர்ப்பெழுதிக்கொண்டோம். பொட்டலில் மட்டைக்குச் சொந்தக்காரன் தீர்ப்புச் சொன்னபோது சிரித்துக்கொண்டே வண்டியேறிய நமக்கு, பேஸின் பாலம் தாண்டுகையில்தான் சிரிப்பு நின்றது.

நமது கட்சிக் காரியாலயங்களிலும் சங்கங்களிலும் இதே கதைதான் என்பதைத் தோழர்கள் அறிவார்கள். சுவரொட்டி ஒட்டவும், நாற்காலி போடவும், ஊர்வலத்தில் கொடி தூக்கவும் வடசென்னை வாலிபர்கள் வேண்டும். மேடையில் அவர்களுக்குக் கிடைப்பது தலைவர் கிளம்பிய பிறகு மீதியாகும் இரண்டு நிமிஷம். அதற்குள் நாக்குக் குழறினால் ‘இவனுக்குப் பேச வராது.’ எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலை எழும்ப நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள், அந்த ஆலைகளின் வாயிலில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம். ஆனால் பிறரைக் குற்றம் சொல்லும் பத்தியாக இதை முடிக்க நமக்கு இன்று மனமில்லை.

திங்கட்கிழமை காலையில் அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, ‘எத்தனை வரி கொடுப்பீர்கள்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கம் முழுவதும் என்றோம். கழிமுகத்தைப் பற்றி எழுதப் போகிறாராம். மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் அந்த ஆற்றில் வலை வீசியிருக்கிறது என்பது நமக்கு அன்றுதான் தெரிய வந்தது. வருகிற சனிக்கிழமை இவ்விடத்தில் வெளியாவது அவர் எழுதியதாயிருக்கும். நாம் அன்று சந்தை நிலவரம் பார்த்துக்கொள்வோம்.